பெயர் பெறாத எட்டாம் பருவம்

தமிழ்ப் புலவர்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. இவற்றிற்கு ஆண்டு வரையறையும் உண்டு. பேதைக்கு 5 முதல் 7 வரை. மங்கைக்கு 12, 13. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரை. உலா பாடிய புலவர்கள் இந்த ஏழு பருவத்துப் பெண்களையும் வரிசையாக வீதியில் நிறுத்திக் காட்டினர். தமிழ் பயிலும் மாணவர் எவரும் இவ்வரிசையை மனப்பாடமாகச் சொல்வர்.

ஆனால் வரிசை நாற்பதோடு முடிந்துவிடுகிறது. நாற்பத்தோராம் ஆண்டில் அடி வைக்கும் பெண்ணுக்கு என்ன பெயர்? பாட்டியல் விடை கூறவில்லை. இதைக் குறையாகக் கொள்ள வேண்டுவதில்லை. உலா காதலைப் பாட எழுந்த நூல். தனக்கு வேண்டிய அளவில் அது நின்றுகொண்டது. எனினும் ஒன்று கருதத்தக்கது. பெண் பூப்படையும் பருவத்திற்குப் பெயரும் சடங்கும் பந்தலும் விருந்தும் உண்டு. அப்பூப்பு ஓய்ந்துபோகும் பருவத்திற்குப் பெயரும் இல்லை, சடங்கும் இல்லை. பெயர் இல்லாத ஒன்றை அறிவது கடினம். அறியாத ஒன்றுக்கு மருந்து தேடுவது அதனினும் கடினம்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தை மனிதர் எவ்வாறு இனங்கண்டனர், மருத்துவர் எவ்வாறு துணிந்தனர் என்பது நீண்ட வரலாறு. அவ்வரலாற்றைப் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் அதன் முழுப் பொருளும் விளங்குகிறது.

முன்னோர் அறிந்தவை

பழந்தமிழர் மாதவிடாயை அறியாதவர் அல்லர். பூப்பு நிகழ்ந்த நாள்தொட்டுப் பன்னிரண்டு நாள் கணவன் பிரிந்திருத்தல் ஆகாது என்னும் கருத்தைத் தொல்காப்பியர் கற்பியலில் கூறினார். விலக்கான மகளிர் கலங்களைத் தொடாது ஒதுங்கி நின்ற வழக்கத்தைப் புறநானூற்றின் 299ஆம் பாடல் உவமையாகக் காட்டுகிறது. ஆண்டு முதிர்ந்த மகளிரை முதுபெண்டிர் என்று சங்கப் புலவர் மதிப்போடு குறித்தனர். ஆனால் மாதவிடாய் நிற்கும் நிலையைத் தனியே எடுத்துப் பேசும் சொல் இலக்கியத்தில் வழங்கவில்லை.

வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை இதனைத் தெளிவாகவே கூறுகிறது. பெண்ணின் மாதக் குருதி 12ஆம் ஆண்டில் தொடங்கும் என்றும், மூப்பினால் உடல் தளர்ந்த பின் 50ஆம் ஆண்டில் அடங்கும் என்றும் சாரீர தானம் என்னும் பகுதி வரையறுக்கிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பெரும்பாலான பெண்களுக்கு நாற்பதை ஒட்டி மாதவிடாய் நிற்கும் என்றும், சிலருக்கு ஐம்பது வரை நீடிக்கும் என்றும் எழுதினார். ஒருவரை ஒருவர் அறியாத இரு நிலத்து அறிஞர்கள் ஏறத்தாழ ஒரே எல்லையைச் சுட்டியுள்ளனர். இக்கால ஆய்வுகளும் அவ்வெல்லையை விட்டு அதிகம் விலகவில்லை. இந்திய மெனோபாஸ் சங்கத்தார் நாடு தழுவி நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்தியப் பெண்களுக்குச் சராசரி 46.2 ஆண்டு என்றது. 1994இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்று ஏறத்தாழ 51 ஆண்டு என்றது.

இலக்கியம் தராத சொல்லை மக்கள் வழக்குத் தருகிறதா? 'தூரம் நின்றுவிட்டது', 'தீட்டு நின்றுவிட்டது' என்று மூத்த பெண்கள் தமக்குள் மெல்லச் சொல்லிக்கொள்வர். அதற்கு மேல் பேச்சு நீளாது. இன்னொரு வழக்கையும் நோக்க வேண்டும். 'முழுகாமல் இருக்கிறாள்' என்றால் அவள் கருவுற்றிருக்கிறாள் என்பது பொருள். மாத முழுக்குத் தவறியதும் தமிழர் மனம் முதலில் எண்ணுவது பிள்ளையைத்தான். நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனால் அது கருவா, ஓய்வா? மொழி இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை. இந்த வினாவே மருத்துவரும் இன்றுவரை முதலில் கேட்டாக வேண்டிய வினா. மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கிய பின்னும் கருத்தரிக்க இயலும்.

கணக்கு வைத்த தோட்டமும் கணக்கில் வராத பெண்ணும்

1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளுள் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டு வளர்த்தார். அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அவ்வூரில் பாதுகாக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது காடுகள் அழிந்து தோட்டங்களாயின. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டச் சீனர் திரண்டதுபோல், பால்மரம் வெட்டத் தமிழர் கங்காணிகள் வழியாக வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

தோட்டம் என்பது கணக்கின் மேல் நடந்த உலகம். விடியுமுன் பெரட்டு, பெரட்டில் பெயர் கூப்பிடுதல், பிறகு பால் நிறுத்தல். ஒட்டுப்பாலுக்குக்கூடக் கணக்கு உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்று உதவித்தொகை தர வேண்டும் என்றது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. தமிழ்ப் பள்ளிகள் பல அச்சட்டத்தின் பயனாக எழுந்தவையே. பிள்ளை பெறும் பெண்ணுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. அவள் பெற்ற பிள்ளைக்கும் இடம் இருந்தது. பிள்ளைப்பேறு ஓய்ந்த பெண்ணுக்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் அவளும் மற்றவர்போல் ஏணியைச் சாய்த்து உயரப் பட்டையில் கத்தி வைத்தாள், வாளி சுமந்தாள். இரவில் உறங்காமல் வியர்த்து எழுந்தவள் விடியலில் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவளே.

மருத்துவர் இந்நிலையைக் கண்டறிய முதற்கண் வேண்டுவது வயது. அதுவும் தோட்டத்துப் பெண்ணிடம் எழுத்தில் இல்லை. ஊரில் பிறந்தவளுக்குப் பிறப்புப் பத்திரம் அரிது. பஞ்சம் வந்த ஆண்டு, தேர் ஓடிய ஆண்டு, கப்பல் ஏறிய ஆண்டு என்று நிகழ்ச்சியைக் கொண்டே அவள் வயதைச் சொன்னாள். 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே 12 வயதிற்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. பாதுகாப்புக்காக எழுந்த அந்த அட்டைதான் தோட்டத்துப் பெண்கள் பலருக்கு வயதை முதன்முதல் எழுத்தில் தந்தது. எழுதிக்கொண்டவர் கேட்டார், அவள் தோராயமாகச் சொன்னாள், அதுவே நிலைத்துவிட்டது. 1951இல் தொழிலாளர் சேமநிதி தோன்றி, 55ஆம் வயதில் பணம் பெறலாம் என்றானபோது, அந்தத் தோராய வயதே அவளது முதுமையின் கணக்காயிற்று.

ஒரே வியர்வை, பல நோய்

தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். டிரசர் எனப்பட்ட உதவியாளரே. மலேரியா, வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழுவால் வரும் குருதிச்சோகை, காசநோய் ஆகியவை அன்று ஆளைக் கொண்டுபோன நோய்கள். டிரசர் அவற்றோடு போராடவே நேரம் போதாது.

இங்கேதான் நோயறிதலின் இடர் தோன்றுகிறது. மாதவிடாய் ஓயும் பருவத்தின் குறிகள் என்ன? திடீரென்று மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் வெம்மை ஏறும். சில நிமிடங்களில் வியர்வை பெருகும். பின் குளிர் நடுக்கம் வரும். நெஞ்சு படபடக்கும். இரவில் உறக்கம் கலையும். மூட்டும் தசையும் நோகும். உடல் அசரும். மறதியும் எரிச்சலும் கவலையும் கூடும். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால், வெம்மையும் வியர்வையும் நடுக்கமும் மலேரியாவிலும் உண்டு. இரவு வியர்வை காசநோயிலும் உண்டு. படபடப்பும் அசதியும் குருதிச்சோகையிலும் உண்டு. வெம்மையும் எரிச்சலும் தைராய்டுச் சுரப்பி மிகும்போதும் உண்டு. கொய்னா மாத்திரையும் இரும்புச் சத்து மருந்தும் கையில் உள்ளவர் முன்னால் இக்குறிகளோடு ஒரு பெண் வந்து நின்றால், எந்தப் பெயர் முதலில் நினைவுக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் வேறுபாடு காண வழி அன்றும் இருந்தது. பெரிய கருவி ஏதும் வேண்டியதில்லை. மலேரியாவில் வெப்பமானி ஏறும். ஓய்வுப் பருவத்து வெம்மையில் தோல் சூடாகுமே அன்றிக் காய்ச்சல் ஏறாது. காசநோயில் உடல் மெலியும், இருமல் நீடிக்கும். குருதிச்சோகையில் கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும். இவற்றோடு 'மாதக் குளிப்பு எப்படி இருக்கிறது?' என்னும் ஒரு கேள்வி போதும். ஆனால் அக்கேள்வியை ஆண் டிரசர் கேட்கக் கூசினார். பெண் விடை சொல்லக் கூசினாள். பல குறிகள் மருந்தகத்துக்கு வராமலே லயத்துத் திண்ணையில் அடங்கிப்போயின. 'சூடு' என்ற ஒரு சொல்லில் அனைத்தையும் அடக்கி, வெந்தயம் ஊற வைத்துக் குடித்தோ எண்ணெய் தேய்த்து முழுகியோ பெண்கள் காலம் கழித்தனர்.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கணவனை இழந்து, மரவள்ளிக் கிழங்கை உண்டு பிள்ளைகளைக் காத்த பெண்கள் பலர். கொடிய பசியாலும் அச்சத்தாலும் இளம்பெண்களுக்கும் மாதவிடாய் நின்றுபோகும் என்பதை மருத்துவம் அறியும். உணவு கிடைத்ததும் அது மீளும். ஆகவே மாதவிடாய் நின்றது என்ற ஒன்றை மட்டும் கொண்டு ஓய்வுப் பருவம் என்று துணிதல் ஆகாது. வயது, வாழ்நிலை, பிற குறிகள் மூன்றையும் சேர்த்தே துணிய வேண்டும்.

மேலை மருத்துவம் கண்ட வழி

இப்பருவத்துக்கு மேலைநாட்டிலும் நெடுங்காலம் தனிப் பெயர் இல்லை. பிரெஞ்சு மருத்துவர் தெ கார்தான் 1821இல் வெளியிட்ட நூலில் 'மெனோபாஸ்' என்னும் சொல்லை வழங்கினார். மாதம், நிற்றல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. ஆங்கில மருத்துவர் எட்வர்ட் டில்ட் 1857இல் இப்பருவத்தைப் பற்றித் தனி நூல் எழுதி, பெண்கள் சொன்ன குறிகளை வரிசைப்படுத்தினார். பெயர் பிறந்த பின்னரே குறிகள் ஒருங்கு திரண்டன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

காரணம் விளங்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1923இல் அமெரிக்க அறிஞர்கள் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் சினைப்பையில் சுரக்கும் பொருளின் செயலை மெய்ப்பித்தனர். 1929இல் அப்பொருள் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜென் என்னும் சுரப்புநீர் இனத்தின் முதல் அறிமுகம் அது. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது இலட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறாள். புதியன தோன்றுவதில்லை, உள்ளன குறைந்துகொண்டே வரும். ஐம்பதை ஒட்டி ஏறத்தாழ ஆயிரமே எஞ்சும்போது சினைப்பை ஓய்கிறது, ஈஸ்ட்ரோஜென் குறைகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டும் தன் சுரப்பை மேலும் மேலும் கூட்டுகிறது. செவி மங்கியவரிடம் குரலை உயர்த்திப் பேசுவது போன்றது இது. அந்தத் தூண்டு சுரப்பு எஃப்.எஸ்.எச். எனப்படும். அதனைக் குருதியில் அளக்கும் முறை 1960களில் வளர்ந்தது.

அளவுகோல் கிடைத்ததும் மருத்துவம் அதன்மேல் பெருநம்பிக்கை வைத்தது. குறிகளுக்கு மதிப்பெண் இடும் பட்டியல் ஒன்றைக் குப்பர்மன் குழுவினர் 1953இல் அமைத்தனர். 1966இல் ராபர்ட் வில்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், இப்பருவமே ஒரு குறைபாட்டு நோய் என்றும், ஈஸ்ட்ரோஜென் தந்தால் பெண் என்றும் இளமையோடு இருப்பாள் என்றும் எழுதினார். நூல் பெரிதும் விற்றது. 1975இல் ஈஸ்ட்ரோஜெனைத் தனியே உண்டவர்களுக்குக் கருப்பை உட்படலப் புற்று மிகுவது தெரிந்தது. 2002இல், 16,608 பெண்கள் பங்குகொண்ட பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்று கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டது. மருத்துவர் பலர் மருந்தை அடியோடு கைவிட்டனர். அதுவும் ஒரு மிகை. அந்த ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பதும், அறுபதுக்கு உட்பட்டு, கடுங்குறிகளால் வருந்தும் பெண்ணுக்கு நன்மையே மிகலாம் என்பதும் பின்னர்த் தெளிந்தன. மருந்து யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது அவரவர் உடலை நோக்கி மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

ஊருக்கு ஊர் வேறுபடும் குறிகள்

ஒரு நாட்டுப் பெண் சொல்வதையே எல்லா நாட்டுப் பெண்ணும் சொல்வாளா? மார்ஷா ஃபிளின்ட் என்னும் ஆய்வாளர் 1975இல் வட இந்திய ராஜபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதினார். அவர்கள் இப்பருவத்துத் துன்பம் என்று அதிகம் ஒன்றும் சொல்லவில்லை. மாதவிடாய் நின்றதும் முக்காட்டுக் கட்டுப்பாடு தளர்ந்து வெளியில் வந்து பேச உரிமை பெற்றதால், அவர்களுக்கு அது பரிசாக இருந்தது என்றார் அவர். மார்கரெட் லாக் 1993இல் வெளியிட்ட நூலில், ஜப்பானியப் பெண்கள் வெம்மையைவிடத் தோள் இறுக்கத்தையும் தலைவலியையுமே மிகுதியாகக் கூறினர் என்று காட்டினார்.

மலேசியாவிலும் இது தெரியவந்தது. சரவாக் மாநிலத்துக் கூச்சிங்கில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நடுவயதுப் பெண்களுள் நூற்றுக்கு 80 பேர் மூட்டு, தசை நோவைச் சொன்னார்கள். 67 பேர் அசதியைச் சொன்னார்கள். 52 பேர் உறக்கமின்மையைச் சொன்னார்கள். வெம்மையும் வியர்வையும் கூறியவர் 42 பேர் அளவே. மேலைநாட்டு நூல்கள் தலைமைக் குறியாகக் கூறும் வெம்மை இங்கு நான்காம் இடத்தில் நிற்கிறது.

இச்செய்தியைப் பேராக்கின் முன்னாள் தோட்டத்துப் பெண்களை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். முப்பது ஆண்டு மரம் வெட்டிய பெண் மூட்டு நோகிறது என்றால், 'வேலை செய்த உடம்பு. நோகத்தான் செய்யும்' என்று அவளே சொல்லிக்கொள்வாள். மருத்துவரும் வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடக்கூடும். ஈஸ்ட்ரோஜென் குறைவதால் எலும்பு வலுவிழக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941இலேயே எடுத்துக் காட்டினார். கூன் விழுவதும், சிறு சறுக்கலில் இடுப்பெலும்பு முறிவதும் அந்த வலுவிழப்பின் பின்விளைவுகளாகலாம். உழைப்பால் வந்த நோவு, பருவத்தால் வந்த நோவு இரண்டும் ஒரே உடலில் கலந்து நிற்கும்போது ஒன்றின் பெயரால் மற்றது மறைந்துபோகிறது.

இன்றைய துணிவு

இரண்டு நூற்றாண்டுத் தேடலுக்குப் பின் மருத்துவம் எங்கே வந்து நிற்கிறது? வியப்பான விடை இது: பெண்ணின் வாய்ச்சொல்லிடமே திரும்பி வந்துள்ளது.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராதிருந்து, அதற்கு வேறு காரணம் இல்லையெனில், ஓய்வு நிகழ்ந்தது என்று கொள்ளப்படும். ஆகவே கடைசி மாதவிடாய் எது என்பது ஓராண்டு கழிந்த பிறகே தெரியும். அதற்கு முற்பட்ட சில ஆண்டுகள் மாறுதற் காலம். சுற்று ஒருமுறை குறுகும், ஒருமுறை நீளும், சிலபோது இரண்டு மாதம் தாண்டும். 2001இல் கூடிய வல்லுநர்கள் இப்படிகளை வரிசைப்படுத்தினர். 2011இல் கூடித் திருத்தினர். வெம்மையும் வியர்வையும் சராசரியாக ஏழாண்டுக்கு மேல் நீடிக்கக்கூடும் என்று 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

2015இல் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 45 வயதைக் கடந்த நலமுள்ள பெண்ணுக்கு இப்பருவத்தைத் துணியக் குருதிச் சோதனை வேண்டியதில்லை என்றது. குறிகளும் மாதக் கணக்குமே போதும். காரணம் எளிது. மாறுதற் காலத்தில் எஃப்.எஸ்.எச். இம்மாதம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். ஒரு நாள் எடுத்த அளவு மறுநாளுக்குச் சான்றாகாது. 'சோதனையில் ஒன்றும் இல்லை' என்று அனுப்பப்பட்ட பெண்ணுக்கு உண்மையில் அப்பருவம் தொடங்கியிருக்கக்கூடும். கருத்தடை மாத்திரை உண்போருக்கும் அச்சோதனை வழி காட்டாது. மலேசியாவில் 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றிய பின் மாத்திரை பரவியதால் இதுவும் கேட்டறிய வேண்டிய செய்தி ஆயிற்று.

ஆனால் 40க்கும் 45க்கும் இடையில் குறிகள் தோன்றினால் சோதனை உதவும். 40க்கு முன் மாதவிடாய் நின்றால் சோதனை இன்றியமையாதது. அது இயல்பான மூப்பு அன்று. சினைப்பை முன்கூட்டியே செயலிழந்த நிலை. அதனைக் கவனியாது விட்டால் எலும்புக்கும் இதயத்துக்கும் கேடு வரும். புகைப்பழக்கம் இப்பருவத்தை ஓரிரு ஆண்டு முற்படுத்தும் என்பதும் அறியப்பட்டதே. கருப்பையை அகற்றிய பெண்ணுக்கு மாதக் கணக்கு இல்லை. அவளுக்குக் குறிகளே அளவுகோல்.

எல்லாவற்றிலும் மேலாக நினைவில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. ஓராண்டு நின்றபின் ஒரு துளி குருதி மீண்டும் பட்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். 'நின்றது மறுபடி வந்துவிட்டது' என்று சில பெண்கள் அதை இளமையின் மீட்சியாகக் கொண்டு வாளா இருப்பர். அவ்வாறு குருதி கண்டவருள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்படலப் புற்று இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. தொடக்கத்தில் அறிந்தால் அது பெரும்பாலும் தீர்க்கத்தக்க நோய். அதுபோலவே மாறுதற் காலத்தில் கட்டி கட்டியாக மிகுதியாகப் படுவதையும் 'நிற்கப் போகிறது, அதனால்தான்' என்று பொறுத்திருத்தல் தவறு. அப்பெண்ணுக்குக் கருப்பைக் கட்டி இருக்கலாம். குருதி குறைந்து உயிருக்கே இடர் நேரலாம்.

தோட்டம் போனபின்

1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கச் சுங்கை சிப்புட் தந்த தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடம் சிலவற்றில் வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்து மக்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தனர். தோட்டத்தோடு தோட்ட மருந்தகமும் போயிற்று. அதன் குறைகள் பல. ஆயினும் நடந்து போகும் தொலைவில் அது இருந்தது. லயத்து வரிசையில் ஒருத்தியின் உறக்கமின்மையை அடுத்த வீட்டுக்காரி அறிந்திருந்தாள். அடுக்குமாடி வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது.

மாறாக, இன்று அரசு மருத்துவமனைகளும் நலவாழ்வு நிலையங்களும் எட்டும் தொலைவில் உள்ளன. பெண் மருத்துவரும் தாதியரும் பலர். மலாய்மொழியில் 'புத்துஸ் ஹைட்' என்று கூசாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். மாதவிடாய் அறுதல் என்பதே அதன் பொருள். தமிழ்ப்பெண் அங்கே சென்று என்ன சொல்வாள்? 'உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது' என்பாள். அந்தச் சொல்லிலிருந்து மருத்துவர் எதனைத் துணிவார்?

எனவே குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் பேருதவியாகும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மாதவிடாய் வந்த நாளைச் சிறு புள்ளியாக இடலாம். எத்தனை நாள் நீடித்தது, மிகுதியா குறைவா, வெம்மை எப்போது வந்தது, உறக்கம் எத்தனை முறை கலைந்தது என்று ஓரிரு சொல் எழுதலாம். மூன்று மாதத்து நாட்காட்டி மருத்துவர் கைக்குப் போனால், ஒரு சோதனைச் சாலையைவிட மிகுதியாக அது பேசும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு மகள் எழுதலாம், பேத்தி எழுதலாம். ஒரு காலத்தில் தோட்டத்து மக்களுக்காக ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. இன்று அவரிடம் பயிலும் பெண்பிள்ளை தன் பாட்டிக்காகப் புள்ளி இட முடியும்.

ஏழு பருவங்களையும் கற்பிக்கும் ஆசிரியர், எட்டாவது ஒன்று உண்டு என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் இலக்கணம் கெட்டுவிடாது. தோட்டத்துக் கணக்குப் பேரேடு ஒட்டுப்பாலையும் எழுதி வைத்தது. பால் எடுத்தவளின் உடல் மாறிய நாளை எழுதவில்லை. விடுபட்ட அக்கணக்கை அந்தப் பேரேட்டில் இனி எழுத முடியாது. வீட்டு நாட்காட்டியில் எழுத முடியும்.